இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு காற்புள்ளி

1

போன வாரம் அலுவலகத்தில் புது மடிக்கணினி கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் அது வணக்கம் சொன்னது. பிறகு எந்த மொழி, எந்த நாடு, எண்களை எந்த நாட்டு வழக்கத்தில் எழுதட்டும் என்று வரிசையாகக் கேட்டது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தபோது ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் அழுத்தியவள் நான். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசை உல்ரிக், கணினி உறைந்துவிட்டதா என்று கேட்டார். உறைந்தது கணினி அல்ல என்று சொல்லும் அளவுக்கு என் ஜெர்மன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சிரித்து வைத்தேன்.

ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்தால், ஒரு பொத்தானை அழுத்த இவளுக்கு என்ன இவ்வளவு தயக்கம் என்று நினைப்பீர்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதில் பாதி இங்கே நடந்தது. மீதி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நடந்தது. என் தம்பி குமரேசன் அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிறான்.

2

நான் முன்பு இருந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு வேலை தேடுவது எந்த நாட்டிலும் ஒன்றுதான். நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சிரித்து, அனுப்பிவிடுவார்கள். கடைசியில் கிடைத்தது நூற்பாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன நிறுவனம். நேர்முகத்தில் நான் ராஜபாளையம் என்று சொன்னதும் குழுத்தலைவி மார்ட்டினா தலையை நிமிர்த்தி, “அங்கே எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறாரே” என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக என் ஊர்ப் பெயரை நான் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

எனக்குத் தந்த முதல் வேலை, நிரல் எழுதும் நிரல் ஒன்றை உருவாக்குவது. சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் எழுதுகிற நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்கிறோம். அப்படி மாற்றும் வேளையிலேயே ஒரு குட்டி நிரல் எழுந்து, ஓர் அட்டவணையைப் படித்து, மீதி நிரலைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு மில்லுக்கும் ஒவ்வொரு பஞ்சு, ஒவ்வொரு அளவு. அவற்றைக் கையால் எழுதிக்கொண்டிருக்காமல் அட்டவணையில் மட்டும் மாற்றினால் போதும். அந்தக் குட்டி நிரலுக்குப் பெயர் ஜெனரேட்டர்.

தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். “ஜெனரேட்டரா? டீசல் எம்புட்டுக் குடிக்கும்?” என்றான். கேலிதான். ஆனால் அடுத்த நாளே மில்லில் அம்புட்டுப் பேரிடமும், புது மென்பொருள் வரப்போகிறது, எங்க அக்கா எழுதுவது என்று சொல்லிவிட்டான்.

3

தொடக்கத்தில் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெனரேட்டர் எழுதும் நிரல் எங்கேயும் இருக்காது. கம்பைல் ஆகும்போது பிறந்து, அதற்குள்ளேயே கரைந்துவிடும். பிழை வந்தால், இன்ன கோப்பில் இன்ன வரியில் தப்பு என்று செய்தி வரும். அந்தக் கோப்பைத் தேடினால் கணினியில் இல்லவே இல்லை. வீட்டு எண் இருக்கிறது, வீடு இல்லை. ஜெனரேட்டரே செத்துப்போனாலும் சத்தம் வராது. எழுத வேண்டியதை எழுதாமல் கம்மென்று இருந்துவிடும். அதைத் திருத்தினாலோ, நிரல் எழுதும் செயலி பழைய ஜெனரேட்டரையே நினைவில் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. எல்லாவற்றையும் மூடித் திறந்தால்தான் புதியது கண்ணில் படும். இது தெரியாமல் சரியான திருத்தத்தைத் தப்பென்று நினைத்து நான் அழித்த நாட்கள் உண்டு.

ஒரு வழியாக, பிறக்கும் நிரலைக் கோப்பாக எழுதி வைக்கச் சொல்லும் அமைப்பைக் கண்டுபிடித்தேன். கோப்பு கையில் கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், அதற்குள்ளேயே ஓர் எண்ணைத் திருத்தியது. மறுபடி கம்பைல் செய்தேன். என் திருத்தத்தைக் காணோம். ஜெனரேட்டர் புதிதாக எழுதி மூடிவிட்டது. இன்னொரு முறை திருத்தினேன், இன்னொரு முறை காணாமல் போனது. அப்போதுதான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தார். மூலத்தில் ‘தெற்கு’ என்பதற்குப் பதில் ‘வடக்கு’ என்று இருந்தால், நகலிலும் வடக்குதான். கட்சிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாலும் மாற்றித் தரமாட்டார். மூலத்தைத் திருத்த மனுப் போடு, உத்தரவு வாங்கு, பிறகு நகலுக்கு வா. வீட்டில் அவரை எல்லோரும் பிடிவாதக்காரர் என்றுதான் சொன்னோம்.

அந்தப் பிடிவாதம் ஒரு நாள் எனக்கே வந்து சேர்ந்தது. இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் மாரித்தாய், மற்றக் காகிதங்களில் மாரியம்மாள், இவர்கள் இருவரா ஒருவரா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஊரில் ஒருத்திக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம் என்றேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “எங்களுக்கு ஒருவர்தான் வேண்டும்” என்றார். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. குமரேசன்தான் பகல் ஷிப்டை மாற்றிக்கொண்டு அலைந்தான். ஆபீசர் இல்லை என்பார்கள், சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள், பொறவு வா என்பார்கள். மூலப் பதிவைத் திருத்தி வாங்கி அனுப்பிவிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, அம்மாவ ஒரே ஆளாக்கிட்டேன்.”

என் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் அவனுடைய கால் தேய்ந்திருக்கிறது. அதனால்தான் அவன் மில்லுக்குப் போகும் மென்பொருள் நல்லபடியாக ஓட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

அவனுக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. மில்லில் புது செக்‌ஷன் ஒன்று தொடங்க இருந்தார்கள். அதற்குப் பொறுப்பாளராக அவனைப் போடலாம் என்று முதலாளி வாயைத் திறந்திருந்தார். புது மென்பொருளின் சோதனை ஓட்டத்தைக் குமரேசன் நல்லபடி முடித்துக் காட்டட்டும், பார்க்கலாம் என்பது பேச்சு.

4

சோதனைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவன் கூப்பிட்டான்.

“அக்கா, நூல் தடிமன் எல்லைய மூணுன்னு வச்சிருக்கிய. எங்க பஞ்சுக்கு அது ஆகாது. ரெண்டரை வையி.”

நூல் கோன் எனும் கூம்பில் சுற்றும்போது எங்கேயாவது அளவுக்கு மீறித் தடித்திருந்தால் இயந்திரம் அங்கே வெட்டி, மறுபடி ஒட்டிக்கொண்டு சுற்றும். எவ்வளவு தடித்தால் வெட்டுவது என்பதுதான் அந்த எல்லை. சின்ன மாற்றம். அட்டவணையில் ஓர் எண். வழக்கமாகக் கம்பைல் செய்யும் சர்வரில் அன்று பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. உன் மடிக்கணினியிலேயே செய்து அனுப்பு என்றார் மார்ட்டினா. மூன்றை இரண்டரை ஆக்கினேன், கம்பைல் செய்தேன், அனுப்பினேன். தம்பி கேட்டதை அவன் கேட்ட அன்றே செய்து கொடுத்தோம் என்ற நிம்மதியில் மகளுக்குப் பிடித்த கேக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் பெயர் நிலா. பதினோராம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சில காலமாக அந்தப் பதிலும் சுருங்கிவிட்டது. நான் ஜெர்மனில் பேசினாலோ திருத்துவாள். இந்த மொழியில் இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்று சொல்ல வேண்டும். போன் நம்பர் சொல்லும்போது நான் இன்றைக்கும் புரட்டிச் சொல்லிவிடுவேன். கடையில் நான் விலை சொல்லும்போது அவள் இரண்டடி தள்ளி நின்று அலமாரியைப் பார்ப்பாள். அதனாலேயே நான் எல்லாவற்றையும் ஜெர்மனில் வைத்துக்கொண்டேன். கைபேசி, காரின் வழிகாட்டி, அலுவலக மடிக்கணினி, எல்லாம். ஒரு நாள் இவளுக்கு நிகராகப் பேசிவிட வேண்டும் என்ற வீம்பு.

5

திங்கட்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அங்கே மில்லில் பகல் ஷிப்ட் பாதி ஓடியிருக்கும்.

“அக்கா, மிஷினு நல்ல நூலையெல்லாம் வெட்டுது. வெட்டிட்டு ஒட்டாம நிக்குது. வரிசை முழுக்கச் செகப்பு லைட்டு.”

“நூல் சுத்துத எல்லா ஸ்பிண்டில்லயுமா?”

“அம்புட்டுலயும். மொதலாளி வந்து நிக்காரு. மேனேஜர் தெலுங்குல ‘ஏமிரா இதி’, என்னடா இதுன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?”

“செத்த நேரம் பொறு, பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன். செத்த நேரம் என்பது இரண்டு நாள் ஆனது.

அட்டவணையைப் பார்த்தேன், இரண்டரை சரியாக இருந்தது. நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை. அவை ஓடியது சர்வரில், அதுவும் முழு எண்களை மட்டும் வைத்து என்பது அப்போது உறைக்கவில்லை. இயந்திரத்தின் உணர்கருவி பழுதா, பஞ்சு சரியில்லையா என்று தம்பியையே குறுக்கு விசாரணை செய்தேன். “பஞ்சு அதே பஞ்சுதாங்க்கா” என்று பொறுமையாகச் சொன்னான். பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது. பழைய மென்பொருளைத் திரும்பப் போடட்டுமா என்று அவன் கேட்டான். போட்டால் சோதனை தோற்றதாகிவிடும். கொஞ்சம் பொறுலே என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

ஜெனரேட்டர் எழுதிய கோப்பையும் திறந்து பார்த்தேன். அந்த வரி என் கண்முன்னால்தான் இருந்தது. எல்லை, அடைப்புக்குறி, 2,5. படித்தேன், சரி என்று கடந்து போனேன். திரும்ப வந்து படித்தேன், மறுபடியும் சரி. இதை நான் மறக்கவே மாட்டேன். இந்த நாட்டில் இரண்டரையைப் புள்ளி வைத்து எழுதமாட்டார்கள், காற்புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள். ரொட்டி விலை, காய்ச்சல் அளவு, நிலாவின் மதிப்பெண், எல்லாம் அப்படித்தான். என் கண்ணுக்கு அது இரண்டரையாகவே தெரிந்தது.

புதன்கிழமை தம்பியிடம், “பேனல்ல என்ன காட்டுதுன்னு ஒண்ணொண்ணா வாசி” என்றேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தடிமன் எல்லை ரெண்டு. ஒட்டுததுக்கு முந்தி நிக்க நேரம் அஞ்சு செகண்டு. அடுத்தது…”

“நில்லு. எல்லை எம்புட்டு?”

“ரெண்டு.”

“ரெண்டரை இல்ல?”

“ரெண்டுதாங்க்கா. நீதான் மாத்திட்டன்னு நெனச்சேன்.”

அவன் குரலில் கேட்டபோதுதான் இரண்டும் ஐந்தும் தனித்தனியாக என் காதில் விழுந்தன. நிரலில் காற்புள்ளி என்றால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். ஜெர்மன் மொழியில் வைத்திருந்த என் மடிக்கணினி இரண்டரையை இந்த நாட்டு வழக்கப்படி எழுத, கம்பைலர் அதை இரண்டு எண்களாக எடுத்துக்கொண்டது. முதலாவது எல்லை, இரண்டாவது காத்திருக்கும் நேரம். அந்த இடத்தில் இரண்டாவது எண் வந்தாலும் வராவிட்டாலும் நிரல் ஏற்றுக்கொள்ளும். அதனால் கம்பைலரும் பிழை என்று சத்தம் போடவில்லை.

உல்ரிக்கின் மேசைக்கு ஓடினேன். அவருடைய மடிக்கணினியில் இதே அட்டவணையைக் கம்பைல் செய்தோம். புள்ளி வைத்து அழகாக வந்தது. ஏன் என்று பார்த்தால், அவருடைய கணினி ஆங்கிலத்தில் இருந்தது. மார்ட்டினாவுடையதும் ஆங்கிலம். மூன்றாவது மேசையும் ஆங்கிலம், சர்வரும் ஆங்கிலம். “நிரல் எழுதுகிற கணினியை ஜெர்மனில் யாராவது வைப்பார்களா?” என்று உல்ரிக் இயல்பாகக் கேட்டார். கேலி ஒன்றும் இல்லை அதில். அந்த அறையில் ஜெர்மானியர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் வேலை செய்ய, தன் கணினியை ஜெர்மனில் வைத்திருந்தவள் ராஜபாளையத்துக்காரி ஒருத்திதான்.

திருத்தம் ஒரே வரி. எண்களை எழுதும்போது எந்த நாட்டின் வழக்கத்தையும் பார்க்காதே என்று ஜெனரேட்டருக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்றே எந்த நாட்டையும் சேராத ஒரு வழக்கம் நிரல்மொழியில் தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேலையில் முதலில் கற்க வேண்டியதே அதுதானாம். அந்த வரியை எழுதும்போது கண் கலங்கியது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

6

வியாழக்கிழமை இயந்திரம் நன்றாக ஓடியது. “ஓடுதுக்கா, சவுண்டே மாறிப்போச்சு” என்றான் தம்பி. புது செக்‌ஷன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அது கெடக்கட்டும். பால்கோவா அனுப்பட்டுமா, யாராச்சும் வாராகளா?” என்று பேச்சை மாற்றினான். எங்கள் நிறுவனம் மில்லுக்கு அனுப்பிய அறிக்கையில், தொடக்கக் கட்டச் சூழல் காரணமாகச் சில அளவுகள் மாறியிருந்தன, சரிசெய்யப்பட்டன என்று நெளிவு சுளிவாக ஒரு வாக்கியம் இருந்தது. என் பெயர் இல்லை. எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்ததை மறைப்பானேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி செல்வி கூப்பிட்டாள்.

“மதினி, ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு ஒங்க தம்பி சொன்னாக. எனக்கு மனசு கேக்கல. புது செக்‌ஷன வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாக.”

“ஏன்? மிஷினுதான் சரியாயிருச்சே.”

“செவ்வாக்கெழமையே இவுக மொதலாளிகிட்ட, நாந்தான் பேனல்ல கை வச்சு அளவ மாத்திட்டேன்னு சொல்லிட்டாக. சாப்பாட்டுல உக்காந்து சொல்லுதாக, நான் சொல்லாட்டி அக்கா பேரு கெட்டுப்போகும்னு.”

செவ்வாய்க்கிழமை. தப்பு எங்கே என்று எனக்கே தெரியாத நாள். அது மென்பொருளில் இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் விரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை மில் மேனேஜரை அழைத்தேன். தப்பு எங்கள் பக்கம், என் மடிக்கணினியில் நடந்தது, என் தம்பி எதையும் தொடவில்லை என்றேன். “நீங்க சொல்லுதது சரிம்மா. ஆனா அவரு மொதலாளி முன்னால ஒத்துக்கிட்டாரு. வேற ஆளப் போட்டாச்சு. இனி அந்த ஆளக் கீழ எறக்க முடியாதுல்ல?” என்றார். நியாயமாகத்தான் பேசினார்.

அன்று மாலை, நானும் நிலாவும் சமையலறையில் இருந்தபோது, குமரேசன் கூப்பிட்டான். கை ஈரம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“எதுக்குக்கா மேனேஜருக்குப் போன் போட்ட?”

“நீ எதுக்குலே செய்யாதத செஞ்சேன்னு சொன்ன?”

“எம்பேருல ஒரு தப்பு இருந்தா, ஊர்ல ரெண்டு நாளு பேசுவாக, பொறவு மறந்துருவாக. நீ அப்படியா? ஒன்னயச் சொல்லித்தானக்கா மில்லுல எல்லாருகிட்டயும் பெருமையடிச்சிருக்கேன். இன்னைக்கு தப்பு ஒன்னோடதுன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“ஒனக்கு வரவேண்டியது போச்சேலே.”

“அது இன்னொன்னு வரும். நீ இனிமே எங்க மில்லுக்கு எழுதுனா, நான் தலைநிமிந்து என்னத்தச் சொல்லுவேன்?”

போனை வைத்துவிட்டான். இத்தனை வருடத்தில் என்னிடம் அவன் முதலில் போனை வைத்தது அன்றுதான். உண்மையைச் சொல்லி அவனை மீட்டுவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் விலை கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை அல்லவா உடைத்துப் போட்டிருக்கிறேன்.

நிலா தட்டைத் துடைத்தபடி நின்றாள். மாமாவின் வேகமான ஊர்த்தமிழும் அவளுக்கு இவ்வளவு புரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஜெர்மனில் கேட்டாள்:

“மாமா செய்யவில்லை என்றால், ஏன் தான் செய்ததாகச் சொன்னார்? அதில் அவருக்கு என்ன லாபம்?”

ஜெனரேட்டர் எப்படி வேலை செய்கிறது, ஒரு காற்புள்ளி எங்கே புகுந்தது என்பதை அலுவலகக் கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் ஜெர்மனில் தடுமாறாமல் விளக்கியவள் நான். இந்தக் கேள்விக்கு ஜெர்மனில் சகோதரன் என்று தொடங்கினேன். அவர்கள் மொழியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அது ஒரே சொல். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

“அவன் என் தம்பி” என்றேன், தமிழில்.

நிலா என்னைத் திருத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.